பெண்கள் மீதான பாலினவாத மனப்பான்மையை ரஷ்ய மொழியில் அளப்பது எப்படி: இருமுகப் பாலினவாத வினாத்தாள், முழுமையான வழிகாட்டி

பாலினவாதம் என்றதும் பெண்ணைத் தாழ்த்திப் பேசுவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1996இல் வெளியிட்ட இருமுகப் பாலினவாத வினாத்தாள் இந்தப் புரிதலை விரிவாக்கியது. அவர்கள் கணக்கில் பாலினவாதத்துக்கு இரண்டு முகங்கள். ஒன்று பகைமைப் பாலினவாதம்: பெண்கள் ஆண்களை அடக்கப் பார்க்கிறார்கள், சமத்துவம் என்று சொல்லிச் சலுகை கேட்கிறார்கள், எதற்கெடுத்தாலும் புண்பட்டுவிடுகிறார்கள் என்ற பார்வை. மற்றது பரிவுப் பாலினவாதம்: பெண் தூய்மையானவள், ஆண்தான் அவளைக் காக்க வேண்டும், அவள் அன்பில்லாத ஆண் முழுமனிதன் ஆகமாட்டான் என்ற பார்வை.

இரண்டாவது முகம் கேட்க இனிமையாக இருப்பதால்தான் அதை அளக்கத் தனிக் கருவி வேண்டியிருக்கிறது. ரஷ்யாவிலேயே இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டின் 162ஆம் எண் அரசாணை, 456 வகை வேலைகளில் பெண்களைச் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பெண்ணின் உடல்நலம், தாய்மை ஆகியவற்றைக் காப்பதற்காக என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். சமாராவில் ஸ்வெத்லானா மெத்வேதெவா கப்பல் ஓட்டும் தகுதி பெற்றிருந்தும் 2012இல் இந்தப் பட்டியலைக் காட்டி வேலை மறுக்கப்பட்டார். ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாடு ஒழிப்புக் குழு 2016இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 ஜனவரியில் பட்டியல் சுமார் 100 வேலைகளாகச் சுருங்கிய பிறகுதான் மாஸ்கோ மெட்ரோவில் பெண்கள் மீண்டும் ரயில் ஓட்டத் தொடங்கினர். பெண்ணை வெறுப்பவர்கள் மட்டும் சேர்ந்து இப்படியொரு பட்டியலைத் தாங்கிப் பிடித்திருக்க முடியாது. "பாவம், அவளுக்கு எதற்குக் கஷ்டம்" என்று நினைப்பவர்களும் தாங்கினார்கள். பகைமையை மட்டும் கேட்கும் வினாத்தாளில் அவர்கள் அகப்படவே மாட்டார்கள்.

ரஷ்ய மொழி பேசுவோரிடம் ஆய்வு செய்யப்போகும் மாணவர்கள், ஆய்வாளர்கள், நிறுவனங்களுக்குப் பயிற்சி தருபவர்கள் ஆகியோருக்கானது இந்த வழிகாட்டி. இதில் ஒரே ஒரு விஷயத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த வினாத்தாள் தருவது இரண்டு எண்களை. அவற்றை ஒன்றாக்கினால் கருவி வாங்கியதே வீண்.

1. கருவியைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்பென்ஸும் ஹெல்ம்ரைச்சும் 1972இல் உருவாக்கிய பெண்கள் பற்றிய மனப்பான்மை அளவுகோல் 55 வாக்கியங்கள் கொண்டது. பின்னர் 25, 15 வாக்கியங்கள் கொண்ட சுருக்க வடிவங்களும் வந்தன. பெண்ணின் உரிமை, பொறுப்பு பற்றிய வெளிப்படையான பழைய கருத்துகளை அது கேட்கிறது. படித்த இளைஞர்களிடம் கொடுத்தால் மதிப்பெண்கள் எல்லாம் ஒரு முனையில் போய்க் குவியும். ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியாது. ஜேனட் ஸ்விம் குழுவினரின் 1995ஆம் ஆண்டு நவீனப் பாலினவாத அளவுகோல் 8 வாக்கியங்கள் கொண்டது. "பாகுபாடு இப்போது இல்லை" என்று மறுக்கும் போக்கை அது அளக்கிறது. உங்கள் கேள்வி வேலைவாய்ப்புக் கொள்கை பற்றியதென்றால் அது பொருந்தும்.

பரிவு முகமும் வேண்டுமென்றால் கிளிக்–ஃபிஸ்க் வினாத்தாள்தான். மொத்தம் 22 வாக்கியங்கள். பகைமைக்கு 11, பரிவுக்கு 11. நிரப்ப ஐந்தாறு நிமிடம் போதும். 6+6 என்று 12 வாக்கியச் சுருக்க வடிவம் ஒன்று 2014இல் வந்தது. நீண்ட கருத்துக்கணிப்பில் இடம் இல்லாதபோது அது உதவும். ஆனால் பரிவின் மூன்று உட்பிரிவுகளை (காப்பாளர் மனப்பான்மை, நிரப்பிகளாகப் பார்த்தல், ஆண்–பெண் நெருக்கம்) தனித்தனியே பார்க்க அது போதாது. முதல் ஆய்வு என்றால் 22ஐயும் கொடுங்கள்.

2. ரஷ்ய வாசகத்தைப் பெறுதல்

நீங்களே மொழிபெயர்க்க வேண்டாம். மாஸ்கோ உயர் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த எலேனா அகதுல்லினா இந்த அளவுகோலை ரஷ்ய மொழிக்குத் தழுவி, அப்பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்விதழில் 2018இல் வெளியிட்டார். வாக்கியங்கள், விடைத் தெரிவுகள், திறவுகோல் (எந்த வாக்கியத்துக்கு எப்படி மதிப்பெண் என்ற பட்டியல்) மூன்றையும் அந்தக் கட்டுரையிலிருந்தே எடுங்கள். ரஷ்ய நூலகத் தளங்களில் தேடும்போது பகைமைப் பாலினவாதம் "வ்ரஷ்தேப்னிய் செக்ஸிஸ்ம்" என்றும், பரிவுப் பாலினவாதம் "தப்ரஷெலாதெல்னிய் செக்ஸிஸ்ம்" என்றும் வழங்கும். மாணவர் திட்ட அறிக்கைகளிலும் சோதனைத் தளங்களிலும் கிடைக்கும் வடிவங்களை நம்பாதீர்கள். யாரோ மொழிபெயர்த்து, தலைகீழ் வாக்கியங்களை (ஏற்றால் பாலினவாதம் குறைவு என்று பொருள்படுபவை) நேராக்கி, திறவுகோலை மட்டும் பழையபடி வைத்திருக்கும் பிரதிகள் சுற்றிவர வாய்ப்பு அதிகம். அப்படியொன்றைப் பயன்படுத்தினால் கணக்கு முழுதும் பிசகும்.

கல்வி ஆய்வுக்கு மூல ஆசிரியர்கள் தாராளமாக அனுமதிக்கிறார்கள். வணிக நோக்கில் பயன்படுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கஜகஸ்தானிலோ பால்டிக் நாடுகளிலோ வாழும் ரஷ்ய மொழியினரிடம் கொடுப்பதாக இருந்தால், அல்லது ஒரு வாக்கியத்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால், இந்த வரிசையில் போங்கள்: ஒருவரையொருவர் கலக்காத இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், இரண்டையும் இணைத்து ஒரு வடிவம், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புதல், பிறகு 10 முதல் 15 பேரிடம் நேர்காணல். இந்த நேர்காணலில் "இந்த வாக்கியத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். திருப்பி மொழிபெயர்ப்பதில் சிக்காத பிழை இங்கேதான் சிக்கும்.

எங்கே சிக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். 2ஆம் வாக்கியம் பெண்களுக்குச் சாதகமான பணியமர்த்தல் கொள்கையைக் குறிப்பிடுகிறது. அமெரிக்கச் சூழலில் பிறந்த உதாரணம் அது. ரஷ்யாவில் வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்களுக்கு ஒதுக்கீடு வழக்கத்தில் இல்லாததால் சிலர் "அப்படி எதுவும் இல்லையே" என்று நடுவில் நின்றுவிடுவார்கள். 4ஆம் வாக்கியத்தில் "பாலினவாதப் பேச்சு" என்ற கருத்து வருகிறது. "செக்ஸிஸ்ம்" என்பது ரஷ்ய மொழிக்கு அண்மையில் வந்த இரவல் சொல். முதியவர்கள் அதைக் காமத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்ளக்கூடும். 7, 21ஆம் வாக்கியங்கள் பெண்ணியவாதிகளைப் பற்றியவை. "ஃபெமினிஸ்ட்கா" என்ற சொல்லுக்கு ரஷ்யப் பொதுப்பேச்சில் ஏளனச் சாயல் ஒட்டியிருக்கிறது. பெண்கள் மேல் பகைமை இல்லாதவரும் இந்த இரண்டு வாக்கியத்தில் மட்டும் கடுமையாக விடை தரலாம். ஆய்வின் முடிவில் இந்த இரண்டையும் தனியே எடுத்துப் பாருங்கள்.

3. படிவத்தை அமைத்தல்

தலைப்பில் "பாலினவாதம்" என்ற சொல்லே வரக்கூடாது. மூல வினாத்தாள் தன்னை ஆண்–பெண் உறவுகள் பற்றிய வாக்கியங்களின் தொகுப்பு என்றே அறிமுகப்படுத்துகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். நோக்கத்தை முடிவில், நன்றிப் பக்கத்தில் முழுமையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

விடை அளவு ஆறு படிகள் கொண்டது: 0 முழுமையாக மறுக்கிறேன், 1 ஓரளவு மறுக்கிறேன், 2 சற்றே மறுக்கிறேன், 3 சற்றே ஏற்கிறேன், 4 ஓரளவு ஏற்கிறேன், 5 முழுமையாக ஏற்கிறேன். நடுப்புள்ளி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. "சொல்லத் தெரியவில்லை" என்று ஏழாவது பெட்டி சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் சங்கடமான வாக்கியங்கள் எல்லாம் அங்கே போய் ஒதுங்கும். 1996 முதல் வந்த எந்த ஆய்வோடும் உங்கள் எண்களை ஒப்பிட முடியாது.

விடைச் சொற்களை ரஷ்ய மொழியில் எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. தமிழில் "ஏற்கிறேன்" என்றால் சொல்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ரஷ்ய மொழியில் ஆண் "சக்லாஸென்" என்பார், பெண் "சக்லாஸ்னா" என்பார். ஆண்பால் வடிவத்தை மட்டும் அச்சிட்டால், பெண்களின் நிலைமை பற்றிய வினாத்தாளே பெண்ணை விட்டுவிட்டுப் பேசுவதாகிவிடும்; கூர்மையாக வாசிக்கும் பெண்கள் அந்த இடத்திலேயே எச்சரிக்கையாகிவிடுவார்கள். இரண்டு வடிவத்தையும் சாய்கோடிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படிக்கும் எண்ணை வைத்து இரண்டு முனைகளுக்கு மட்டும் "முழு மறுப்பு", "முழு ஏற்பு" என்று பெயர்ச்சொல்லாகக் கொடுங்கள். எதைத் தேர்ந்தாலும் எல்லாப் பங்கேற்பாளருக்கும் ஒன்றே இருக்கட்டும்.

மற்ற அமைப்பு விவரங்கள்:

- 22 வரி, 6 பத்தி கொண்ட பெரிய அட்டவணை கைபேசித் திரையில் வலப்பக்கம் வெட்டுப்படும். "முழுமையாக ஏற்கிறேன்" கண்ணில் படாமலே போகும். ஒரு திரைக்கு ஒரு வாக்கியம், விடைகள் மேலிருந்து கீழாக.
- வாக்கியங்களின் வரிசையை மாற்றாதீர்கள். பகைமையும் பரிவும் கலந்து வருமாறுதான் அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. பிரித்து அடுக்கினால் ஆய்வின் நோக்கம் வெளியே தெரிந்துவிடும்.
- பாலினம், வயது, கல்வி ஆகிய கேள்விகளைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே "நீங்கள் ஆணா பெண்ணா" என்று கேட்டால் அடுத்த 22 விடைகளும் அந்த நினைப்பிலேயே வரும்.
- நடுவில் ஒரு கவனச் சோதனை: "இந்த வரிக்கு 1ஐத் தேர்ந்தெடுங்கள்." ஒன்று போதும், இரண்டு மூன்று வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.
- பெண்ணியம், குடும்ப வன்முறை பற்றிய வேறு கேள்விகள் இருந்தால் அவை இந்த வினாத்தாளுக்குப் பின்னால் வரட்டும்.

4. யாரிடம், எத்தனை பேரிடம், எப்போது

எண்ணிக்கையை முதலில் கணக்கிடுங்கள். ஆண்–பெண் சராசரி வேறுபாடு நடுத்தர அளவில், அதாவது அரைத் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவில் பாதி) இருக்கும் என எதிர்பார்த்தால், 80 விழுக்காடு திறனுக்கு (உண்மையான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்புக்கு) ஒவ்வொரு தரப்பிலும் 64 பேர் போதும். எதிர்பார்ப்பு 0.3 திட்டவிலக்கம் என்றால் ஒவ்வொரு தரப்பிலும் சுமார் 175 பேர் வேண்டும். பகைமை வேறுபாட்டுக்கு முதல் எண்ணிக்கை போதுமானதாக இருக்கலாம். பரிவில் வேறுபாடு சிறிதாகவே இருக்கும் என்பதால் இரண்டாவதையே இலக்காக வையுங்கள். தொடர்புக் கெழு (இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) ஓரளவு நிலைப்பட 250 பேர், காரணிப் பகுப்பாய்வுக்கு (எந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்குக்கு) குறைந்தது 300 பேர், ஆண்–பெண் அளவைச் சமநிலையையும் (வினாத்தாள் இரு தரப்பிலும் ஒரே விதமாக அளக்கிறதா என்பதையும்) சோதிப்பதென்றால் ஒவ்வொரு தரப்பிலும் 200 பேர். உளவியல் துறை மாணவர்களில் பெண்களே பெரும்பான்மை என்பதால் வகுப்பறையை மட்டும் நம்பினால் ஆண்கள் கிடைக்க மாட்டார்கள். தொழில்நுட்பக் கல்லூரி, பணியிடம் என்று வேறு வாசல்களையும் தட்ட வேண்டும்.

காலம் முக்கியம். மார்ச் 8 ரஷ்யாவில் 1966 முதல் பொது விடுமுறை. பூக்கடை முதல் அலுவலகம் வரை பெண்ணுக்கு வாழ்த்தும் மென்மையும் பொங்கும் நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி 23இல், தந்தைநாட்டுக் காவலர் தினம் ஆண்களுக்கான கொண்டாட்டமாகவே நடக்கிறது. ஆண் காப்பவன், பெண் காக்கப்படுபவள் என்ற படம் எல்லாத் திரைகளிலும் ஓடும் அந்த வாரங்களில் பரிவுப் பாலினவாதத்தை அளந்தால், மனப்பான்மை எவ்வளவு, பண்டிகை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை தரவு சேகரிப்பதைத் தவிர்ப்பது நல்லது. முன்–பின் ஒப்பீட்டு ஆய்வில் ஒரு சுற்று அந்தக் காலத்திலும் மறு சுற்று வேறு காலத்திலும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடையை ஆசிரியரோ மேலாளரோ பக்கத்தில் நிற்கும்போது வாங்காதீர்கள். பகைமை வாக்கியங்களில் மக்கள் நல்லபிள்ளை விடை தருவார்கள். பரிவு வாக்கியங்களில் அந்த உணர்வே வராது, ஏனென்றால் அவற்றை ஏற்பது பண்பாகவே தோன்றும். ஆகவே கண்காணிப்பு கூடினால் பகைமை எண் மட்டும் இறங்கும், இரண்டுக்கும் இடையே இல்லாத இடைவெளி ஒன்று தெரியும்.

தனிநபர் தரவு விஷயத்தில் 2006ஆம் ஆண்டின் 152ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தும். ரஷ்யக் குடிமக்களின் தனிநபர் தரவை ரஷ்யாவுக்குள் இருக்கும் தரவுத்தளத்தில் வைக்க வேண்டும் என்பது 2015 செப்டம்பர் முதல் நடைமுறை. பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் எதையும் கேட்காமல் இருப்பதே நல்ல வழி. இரண்டு சுற்றுகளை இணைக்க வேண்டுமென்றால் பங்கேற்பாளரே உருவாக்கும் குறியீட்டைப் பயன்படுத்துங்கள்: தாயின் பெயரின் முதல் இரண்டெழுத்து, தான் பிறந்த தேதியின் நாள் எண் போன்றவை. பணியிடத்தில் 8 பேர் கொண்ட துறையில் வயது, பாலினம், பதவி மூன்றையும் கேட்டால் பெயர் கேட்டதற்குச் சமம். வயதைப் பத்தாண்டுத் தொகுதியாக வாங்குங்கள்.

5. தரவைச் சுத்தம் செய்தல்

மதிப்பெண் போடுவதற்கு முன், மாற்றாத மூல விடைகளில் இதைச் செய்யுங்கள். கவனச் சோதனையில் தவறியவர்களை நீக்குங்கள். ஒரு வாக்கியத்துக்குச் சராசரியாக 2 நொடிக்கும் குறைவாக, அதாவது மொத்தம் 44 நொடிக்குள் முடித்தவர்கள் வாசிக்கவில்லை, அவர்களையும் நீக்குங்கள். 22 வாக்கியத்துக்கும் ஒரே எண்ணைத் தொடர்ந்து அழுத்தியவர்களை நீக்குங்கள். தலைகீழ் வாக்கியங்கள் இருப்பதால் எல்லாவற்றுக்கும் "5" என்பது தனக்குத்தானே முரண்படும் விடை. விடுபட்ட விடைகள் ஒரு பகுதியின் 11இல் 2 வரை இருந்தால் மீதியின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அந்தப் பகுதி மதிப்பெண்ணை வெற்றிடமாக விடுங்கள். இந்த விதிகளைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள்.

6. மதிப்பெண் கணக்கு

மூல ஆங்கில வடிவத்தின் எண்கள் இவை. உங்கள் கையிலுள்ள ரஷ்ய வாசகத்தின் திறவுகோலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

- பகைமை: 2, 4, 5, 7, 10, 11, 14, 15, 16, 18, 21
- பரிவு, காப்பாளர் மனப்பான்மை: 3, 9, 17, 20
- பரிவு, பாலினங்களை நிரப்பிகளாக, அதாவது ஒன்றின் குறையை மற்றது நிறைப்பதாகப் பார்த்தல்: 8, 19, 22
- பரிவு, ஆண்–பெண் நெருக்கம்: 1, 6, 12, 13
- தலைகீழாக மதிப்பிட வேண்டியவை: 3, 6, 7, 13, 18, 21

தலைகீழ் வாக்கியத்தில் புதிய மதிப்பு 5 கழித்தல் பழைய மதிப்பு. இது 0 முதல் 5 வரை குறியிட்ட தரவுக்கு மட்டும். பல இணையப் படிவங்கள் விடைகளை 1 முதல் 6 வரை ஏற்றுமதி செய்யும். அப்போது 7இலிருந்து கழிக்க வேண்டும், அல்லது எல்லா விடையிலும் முதலில் 1ஐக் குறைத்துவிட வேண்டும். கவனிக்காமல் 5இலிருந்து கழித்தால் எதிர்மறை எண் வரும். யாரும் 6ஐத் தேர்ந்தெடுக்காத வாக்கியத்தில் அந்த எதிர்மறையும் வராது, பிழை ஒளிந்துகொள்ளும்.

ஒருவரின் தாளை வைத்துப் பார்ப்போம். அவருடைய பகைமை விடைகள், மேலே உள்ள எண் வரிசையில்: 4, 3, 4, 2, 3, 2, 3, 4, 3, 1, 1. இதில் 7ஆம் வாக்கியத்தின் 2 என்பது 3 ஆகும். 18, 21இன் 1கள் 4 ஆகும். கூட்டுத்தொகை 37, 11ஆல் வகுத்தால் 3.36. பரிவில் காப்பாளர் பகுதிக்கு 1, 5, 4, 3 என்று விடை தந்தார். முதல் விடையைத் திருப்பினால் 4, கூட்டல் 16, சராசரி 4.00. நிரப்பிகள் பகுதிக்கு 3, 3, 3; சராசரி 3.00. நெருக்கப் பகுதிக்கு 4, 2, 4, 1. 6ஐயும் 13ஐயும் திருப்பினால் 4, 3, 4, 4, சராசரி 3.75. பரிவு மொத்தம் 40, சராசரி 3.64.

திருப்ப மறந்திருந்தால் இதே மனிதரின் பகைமை 2.73, பரிவு 3.00 என்று வந்திருக்கும். இரண்டுமே நம்பத்தகுந்த எண்களாகத் தெரிவதுதான் ஆபத்து. பிழையைப் பிடிக்க ஒரு எளிய வழி: திருப்பிய பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மற்ற பத்தின் கூட்டுத்தொகைக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். எதிர்மறையாக வந்தால் அந்த வாக்கியம் திருப்பப்படவில்லை, அல்லது இரண்டு முறை திருப்பப்பட்டிருக்கிறது.

இரு பகுதியின் சராசரியையும் கூட்டி இரண்டால் வகுத்த மொத்த மதிப்பெண் ஒன்றும் மூலத்தில் உண்டு. அதைக் கணக்கிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பகைமை 4, பரிவு 1 உள்ளவருக்கும் பகைமை 1, பரிவு 4 உள்ளவருக்கும் மொத்தம் 2.5தான். முதலாமவர் பெண் மேலாளரின் கட்டளையை மதிக்கமாட்டார். இரண்டாமவர் அவரை அந்தப் பதவிக்கே அனுப்பாமல் "பாதுகாப்பார்". இருவரையும் ஒரே எண்ணில் அடைக்கக் கூடாது.

7. கருவி வேலை செய்கிறதா என்று பார்த்தல்

1996 கட்டுரையின் ஆறு ஆய்வுகளில் க்ரோன்பாக் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண்) பகைமைக்கு 0.80 முதல் 0.92 வரை, பரிவுக்கு 0.75 முதல் 0.85 வரை இருந்தது. பரிவு எண் சற்றுக் குறைவது இயல்பு. மூன்று உட்பிரிவுகள் அதில் இருக்கின்றன. அதே நோக்கத்துக்கான இன்னொரு எண்ணான மக்டொனால்டின் ஒமேகாவையும் சேர்த்துத் தெரிவியுங்கள். மூன்றே வாக்கியம் கொண்ட நிரப்பிகள் பகுதியில் 0.70ஐ எட்டாவிட்டால் பதறி வாக்கியத்தை நீக்காதீர்கள். அந்த உட்பிரிவைத் தனி மாறியாகப் பயன்படுத்துவதை மட்டும் கைவிடுங்கள்.

உறுதிசெய் காரணிப் பகுப்பாய்வில் மாதிரி இது: பகைமைக்கு ஒரே காரணி, பரிவுக்கு மூன்று உட்காரணிகள், அவற்றுக்கு மேல் ஒரு இரண்டாம் படிக் காரணி, பகைமைக்கும் பரிவுக்கும் இடையே தொடர்பு. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் லாவான் (lavaan) தொகுப்பு போதும். விடைகள் படிநிலை வகை என்பதால் அதற்கேற்ற எடையிட்ட குறைந்த வர்க்க மதிப்பீட்டையோ, ஆறு படி இருப்பதால் உறுதிப்படுத்திய அதிகபட்ச நிகழ்தகவு மதிப்பீட்டையோ பயன்படுத்தலாம். வழக்கமான வரம்புகள்: ஒப்பீட்டுப் பொருத்தக் குறியீடு 0.95க்குக் குறையாமல், தோராயப் பிழையின் வர்க்கமூலம் 0.06க்கு மிகாமல், தரப்படுத்திய எச்சம் 0.08க்கு மிகாமல். முதல் ஓட்டத்தில் இவை கிடைக்காமல் போவது சகஜம். பெரும்பாலும் காரணம் அந்த ஆறு தலைகீழ் வாக்கியங்கள். அவை கருத்தால் சேராமல் "இல்லை" என்ற வாக்கிய அமைப்பால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இதே வினாத்தாளைக் கொண்டு கிளிக் குழுவினர் நாடுகளை ஒப்பிட்ட 2000ஆம் ஆண்டு ஆய்விலும் தலைகீழ் வாக்கியங்கள்தான் தொல்லை கொடுத்தன. அவற்றுக்கு ஒரு முறைக் காரணியை (வாக்கிய அமைப்பின் பாதிப்பைத் தனியே பிரிக்கும் காரணியை) சேர்த்து ஒருமுறையும், அவற்றை விட்டுவிட்டு 16 வாக்கியத்தோடு ஒருமுறையும் ஓட்டுங்கள். இரண்டிலும் முக்கிய முடிவு மாறவில்லை என்றால் நிம்மதியாகத் தெரிவிக்கலாம். நிரப்பிகள் காரணியின் எச்ச மாறுபாடு (மாதிரியால் விளக்கப்படாத மீதி) எதிர்மறையாக வந்தால் பெரும்பாலும் மாதிரி அளவு போதவில்லை என்று பொருள்.

ஆண்–பெண் சராசரியை ஒப்பிடும் முன் அளவைச் சமநிலை சோதனை கட்டாயம்: முதலில் ஒரே அமைப்பு, பிறகு சமமான சுமைகள் (வாக்கியத்துக்கும் காரணிக்கும் உள்ள பிணைப்பு), பிறகு சமமான வெட்டுப்புள்ளிகள் (ஒரே மனப்பான்மை அளவில் வாக்கியத்துக்கு வரும் அடிப்படை விடை). ஒவ்வொரு படியிலும் ஒப்பீட்டுப் பொருத்தக் குறியீடு 0.01க்கு மேல் இறங்கக்கூடாது. 20ஆம் வாக்கியத்தைக் கவனியுங்கள்: ஆண் தன் நலனைத் தியாகம் செய்தாவது பெண்ணுக்குப் பொருளாதாரத் துணையாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஆண் அதைத் தன் கடமையாகவும் பெண் தன் எதிர்பார்ப்பாகவும் வாசிப்பார்கள். ஒரே மனப்பான்மை அளவிலும் வெவ்வேறு விடை வரலாம். அப்படி ஓரிரு வாக்கியங்களின் வெட்டுப்புள்ளியை விடுவித்துப் பகுதிச் சமநிலையோடு தொடர்வது ஏற்கத்தக்கது. பாதி வாக்கியங்களை விடுவிக்க வேண்டிவந்தால் ஒப்பீட்டையே கைவிடுங்கள்.

8. எண்களை வாசித்தல்

"3.5க்கு மேல் என்றால் பாலினவாதி" என்பது போன்ற வெட்டு எல்லை இந்தக் கருவிக்கு இல்லை. 2.5 என்பது அளவின் நடு. அதற்கு மேல் என்றால் சராசரியில் ஏற்கிறார், கீழ் என்றால் மறுக்கிறார், அவ்வளவுதான். வேலைக்கு ஆள் எடுக்கவோ யாரையாவது கண்டிக்கவோ இதைப் பயன்படுத்தவே கூடாது. காரணத்தைக் கணக்கே சொல்லும். திட்டவிலக்கம் 0.9, நம்பகத்தன்மை 0.85 என்று வைத்தால் தனிநபர் மதிப்பெண்ணின் அளவைப் பிழை சுமார் 0.35, 95 விழுக்காட்டு எல்லை இருபுறமும் 0.68. மேலே கணக்கிட்டவரின் 3.36 என்பது 2.7 முதல் 4.0 வரை எங்கும் இருக்கலாம். குழுக்களை ஒப்பிடவும் தொடர்புகளைப் பார்க்கவும் உருவான கருவி இது.

பகைமையும் பரிவும் பொதுவாக நேர்மறையாகவே தொடர்புறும். எனவே வன்முறையை நியாயப்படுத்துதல், கொள்கை ஆதரவு போன்ற வேறு மாறியோடு தொடர்பு பார்க்கும்போது இரண்டையும் ஒரே பின்னடைவுச் சமன்பாட்டில் (ஒவ்வொன்றின் தனி விளைவைப் பிரித்துக் காட்டும் கணக்கில்) இடுங்கள். பரிவைத் தனியாக இட்டால் அதன் மேல் ஏறிவரும் பகைமையின் விளைவையும் பரிவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

2000ஆம் ஆண்டு ஆய்வு 19 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. பகைமையில் ஆண்களின் சராசரி எங்கும் பெண்களைவிட உயர்ந்திருந்தது. பரிவில் கதை வேறு: கியூபா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளில் பெண்களே ஆண்களைவிடக் கூடுதலாக ஏற்றார்கள். ஆண்களின் பகைமை கடுமையாக உள்ள இடத்தில் "காப்பாற்றுகிறேன்" என்பவனின் நிழலில் ஒதுங்குவது பெண்ணுக்குப் புரியக்கூடிய தேர்வு என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அந்த 19இல் ரஷ்யா இல்லை. ஆகவே உங்கள் ரஷ்யத் தரவில் பெண்களின் பரிவு எண் உயர்ந்து வந்தால் அதைத் தரவுப் பிழை என்று தூக்கி எறியவும் வேண்டாம், "பெண்களுக்கே இது பிடித்திருக்கிறது" என்று முடித்துவிடவும் வேண்டாம். அதே மாதிரியில் ஆண்களின் பகைமை எண்ணைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஊர், வயது வாரியாகப் பிரித்து, ஒன்று ஏறும் இடத்தில் மற்றதும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

அறிக்கையில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: எந்த ரஷ்ய வடிவம், 0–5 அளவா 1–6 அளவா, எந்த எண்கள் திருப்பப்பட்டன, தரவு சேகரித்த மாதம், நீக்கப்பட்டவர் எண்ணிக்கையும் காரணமும், ஆண்–பெண் தனித்தனியாகப் பகைமை, பரிவு இரண்டின் சராசரியும் திட்டவிலக்கமும், இரண்டுக்கும் இடையிலான தொடர்புக் கெழு. வாக்கிய வாரியான சராசரிப் பட்டியலையும் பின்னிணைப்பில் கொடுங்கள். அடுத்து ஆய்வு செய்பவர் 7, 21ஆம் வாக்கியங்கள் உங்களிடம் எப்படி நடந்துகொண்டன என்று முதலில் தேடுவது அங்கேதான்.